மடியில் பன்னிரண்டு கிலோ சோளம்

சூரத்
2 டிசம்பர் 1997

அன்புத் தம்பி கர்சனுக்கு அக்கா சம்ஜு எழுதுவது. நானும் உன் மச்சான் ஹமீரும் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க அம்பா மாதாவை வேண்டுகிறேன். அம்மாவின் இருமல் குறைந்ததா? கஷாயத்தை நம்பிக்கொண்டு உட்காராதே, டாக்டரிடம் கூட்டிப் போ.

உன் தபால் கார்டு போன வாரம் வந்தது. நாலே வரி. நீ எழுதினால் எத்தனை தடவை மலை ஏறினாய், எத்தனை கிலோவை டோலியில் வைத்துத் தூக்கினாய், எந்தச் சேட் வழியெல்லாம் முனகினான் என்று ஒரு பக்கத்துக்குத் திட்டு இருக்கும். ஹமீருக்குப் படித்துக் காட்டுவேன், இரண்டு பேரும் சிரிப்போம். இந்தக் கார்டில் திட்டே இல்லை.

கார்த்திகை மாதம் கிர்நார் மலையை வலம் வரும் கூட்டம் கலைந்ததும் சூரத்துக்கு வருகிறேன் என்றாய். கூட்டம் கலைந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

இன்னொன்று. கடைசியில் "ஜெய் கிர்நாரி" எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சைத் தாளின் அடியில் அதை எழுதிவைத்து அடி வாங்கியவன் நீ. கார்டில் இடமும் இருந்தது.

தேவ்ஷி எப்படி இருக்கிறான்? டோலி தூக்க நீங்கள் இருவரும் ஜோடி சேர்ந்த அன்று அம்மா கயிறு எடுத்து இரண்டு பேர் தோளையும் அளந்தாளே. ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை என்று வெல்லம் கொடுத்தாள். அவனையும் கேட்டதாகச் சொல்.

ஜெய் கிர்நாரி.
உன் அக்கா
சம்ஜு


ஜூனாகட்
11 டிசம்பர் 1997

அக்காவுக்கும் மச்சானுக்கும் கர்சனின் வணக்கம். கடிதம் கிடைத்தது. அம்மாவின் இருமல் பரவாயில்லை. டாக்டர் சிவப்பு மருந்து கொடுத்தார்.

இப்போது நான் டோலி தூக்குவதில்லை. கொஞ்ச நாள் மாற்றமாக இருக்கட்டும் என்று சாலை வேலைக்குக் கல் உடைக்கப் போகிறேன். கல் நல்ல ஜாதி. "மெதுவாப் போ, தலை சுத்துது" என்று சொல்லாது. நம் தோள்மேல் உட்கார்ந்துகொண்டு நமக்கே பக்தியைப் பற்றிப் பாடம் நடத்தாது. முழங்காலுக்கும் ஓய்வு.

தேவ்ஷி நன்றாகத்தான் இருப்பான். பார்த்து நாளாகிறது.

சூரத்துக்கு இப்போது வர முடியாது. மச்சானின் கண்ணைப் பார்த்துக்கொள். நாள் முழுக்க வைரத்தைத் தீட்டினால் அது வேறு யாருடைய விரலிலோதான் மின்னப்போகிறது.

கர்சன்


சூரத்
19 டிசம்பர் 1997

தம்பி கர்சனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இல்லை என்பது தெரியும்.

ஹமீரின் பட்டறையில் பக்கத்துச் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவன் ஜூனாகட்காரன். ஊருக்குப் போய்வந்தவன் சொல்கிறான்: "உன் மச்சினனோட டோலி நம்பர் வில்லையைப் பிடுங்கிட்டாங்கப்பா. யாரையோ தள்ளிவிட்டுட்டானாம். குடிச்சிருந்தானாம்." ஹமீர் அன்று சாப்பிடவில்லை. "உன் தம்பி டீயையே ஊதி ஊதிக் குடிப்பான், அவனா குடிச்சான்?" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார், நான்தான் சொன்னது போல.

உன் கையால் எழுது. யார், எங்கே, எப்படி, எல்லாம். என்னிடம் எதையாவது மறைத்து எழுதிய கடிதம் இனி வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அம்மாவுக்கு ஸ்வெட்டர் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஜெய் கிர்நாரி.
சம்ஜு


ஜூனாகட்
27 டிசம்பர் 1997

அக்காவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. அம்மா கழற்ற மாட்டேன் என்கிறாள். கேட்டாய், எழுதுகிறேன்.

நவம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை. வெயில் ஏறாத காலை. உங்கள் சூரத்திலிருந்து ஒரு வைரச் சேட், பெயர் ரசிக்லால். அவருடைய அம்மா சமரத்பென், எழுபது தாண்டியவள். கூட ஒரு கார் டிரைவர். படி தொடங்கும் இடத்தில் தராசுப் பலகையில் அவளை உட்காரவைத்தோம். அறுபத்து நாலு கிலோ. எழுபது வரை இரண்டு ஆள், தாண்டினால் நாலு ஆள் என்பது அப்பா காலத்திலிருந்து உள்ளது, உனக்குத் தெரியும். அவள் தராசில் ஆடிக்கொண்டே, "ஏம்ப்பா, ஆட்டை நிறுக்கிற மாதிரி நிறுக்குறீங்களே?" என்றாள்.

"ஆடா இருந்தா தோள்ல போட்டுட்டு ஓடியிருப்போம்மா. உங்களை உக்காரவெச்சுல்ல தூக்கணும்" என்றான் தேவ்ஷி. அவள் சிரித்தாள். சேட் சிரிக்கவில்லை. "பேச்சைக் குறைங்க. பத்து மணிக்கு நான் கோயில்ல நிக்கணும்" என்றார். நிற்பது அவர், சுமப்பது நாங்கள்.

ஆயிரத்து ஐந்நூறாவது படியில் டீக்கடை. டோலியை இறக்கிவிட்டுக் கடைக்குப் பின்னால் போய்க் குடித்தோம். கண்ணெதிரே நாங்கள் டீ குடித்தால் சேட்டுகளுக்குக் கடிகாரம் வேகமாக ஓடும். இவர் அதற்குள் முன்னால் ஏறிப் போய்விட்டார். திரும்பி வந்து தூக்கினேன். மூன்று படி ஏறியதும் தோளுக்குத் தெரிந்துவிட்டது. "தேவ்ஷி, அம்மா டீக்கடையில பாதி மலையைத் தின்னுட்டாங்களா?" என்றேன். "பேசாம ஏறு" என்றான். அவள் மடியில் சால்வை மேடாக இருந்தது. சால்வைக்கு அடியில் ஏதோ மூட்டை.

இறக்கிவைத்துக் கேட்டிருக்கலாம். ஒரு சேட்டின் அம்மாவிடம் மடியைக் காட்டு என்று கேட்கிற டோலிக்காரனை நீ பார்த்திருக்கிறாயா?

இரண்டாயிரத்து முந்நூறாவது படி, வளைவு. டோலி ஆடியது. பை மடியிலிருந்து சரிந்தது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடிக்கச் சாய்ந்தாள். பலகை கவிழ்ந்தது. விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது அக்கா. பை பிரிந்து வெள்ளைச் சோளம் படி படியாகக் கொட்டிக்கொண்டே போனது.

அவளைப் பலகையோடு கட்டிக் கீழே இறக்கியதும் நாங்கள்தான். அதற்குள் மேலேயிருந்து ஓடி வந்த சேட் சொன்னது ஒரே வார்த்தை: "குடிச்சிருக்கானுங்க." சோளம் என்றேன். "என்ன சோளம்? யாரோட சோளம்?" அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. டிரைவரைப் பார்த்தேன். பையை டீக்கடைவரை சுமந்து வந்தவன் அவனாகத்தான் இருக்கவேண்டும். அவன் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வலியில் கண்ணை மூடியிருந்தாள்.

அவளைக் காரில் ஏற்றிவிட்டு, ஒரு பிடி சோளமாவது அள்ளி வருவோம் என்று மறுபடி மேலே ஓடினேன். புறாவும் குரங்கும் என் கண்ணெதிரே சாட்சியைத் தின்று முடித்தன. காலிப் பையைக் காற்று பள்ளத்தில் தள்ளியிருந்தது.

எங்கள் இருவர் பித்தளை வில்லையும் டோலி அலுவலகத்து மேசைக்குள் பூட்டிக் கிடக்கிறது. குடித்திருந்தோம் என்று சேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். விழுந்தவள் வாக்குமூலம் வந்தால் பார்க்கலாமாம். சிவராத்திரித் திருவிழாவரை கெடு. வராவிட்டால் வில்லை வேறு இரண்டு பேருக்குப் போகும், காகிதம் போலீசுக்குப் போகும். தேவ்ஷிக்கு மூன்று பிள்ளைகள். அவள் எதற்கு எழுதப்போகிறாள்? உங்கள் சூரத்தில் நதியோரம் ஏதோ பெரிய அபார்ட்மெண்டில் நாலாவது மாடியாம். எங்கள் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

அம்மாவிடம் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே எழுது.

கர்சன்


சூரத்
14 ஜனவரி 1998

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். இங்கே இன்று பட்டம் விடும் நாள். மொட்டை மாடியெல்லாம் கூச்சல். ஹமீர் பக்கத்து வீட்டுக்காரன் பட்டத்தை அறுத்துவிட்டு ஜில்லாவையே ஜெயித்தது போல் நிற்கிறார். அம்மாவுக்கு எள்ளுருண்டை கொடு, பல்லுக்கு மெதுவாகப் பார்த்து.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை என்று கோபிக்காதே. எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. புடவைக்குச் சரிகை ஒட்டுவதைவிடத் தேவலை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவியைப் புரட்டிப் போடணும், தூக்கி உட்காரவைக்கணும், துடைக்கணும். முன்பு இருந்தவள் தூக்கத் தெரியாமல் தூக்கி ஏச்சு வாங்கிப் போய்விட்டாள். முதல் நாள் நான் தூக்கியதும், "நீ வலிக்காமத் தூக்குறியே, எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டாள். அப்பாவிடம் என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கணும். அந்தச் சோளம் கொட்டியதே, அதை யாராவது மிதித்தார்களா? எது எது வந்து தின்றது? மிச்சம் இருந்ததா? பார்த்ததைப் பார்த்தபடி எழுது. ஏன் என்று கேட்காதே.

ஜெய் கிர்நாரி.
அக்கா சம்ஜு


ஜூனாகட்
22 ஜனவரி 1998

அக்காவுக்கு,

அம்மா நலம். எள்ளுருண்டையை நான் தின்றேன், அவள் சப்பினாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கல்லை உடைக்கவில்லை, அடித்தேன். அப்பா இவர்களை மலையில் தூக்கிச் செத்தார். நான் தூக்கிக் கெட்டேன். இப்போது நீ கட்டிலில் தூக்குகிறாயா? பீ அள்ளுவதற்கா ஏழாவதுவரை படித்தாய்? அந்த வீட்டில் மகன், மருமகள் ஒருத்தருக்கும் கை இல்லையா? இடுப்பு பிடித்துக்கொண்டால் அந்தக் கிழவியா உன்னைப் புரட்டிப் போடுவாள்? நாளைக்கே விட்டுவிடு.

சோளத்தைப் பற்றிக் கேட்டாய். இங்கே என் பிழைப்பே கொட்டிக் கிடக்கிறது, உனக்குச் சோளம். சரி, எழுதுகிறேன்.

யாரும் மிதிக்கவில்லை. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது படி முழுக்கப் புறா. கல் தெரியவில்லை, கழுத்துதான் தெரிந்தது. மைனா ஒரு கூட்டம். கருமூஞ்சிக் குரங்குகள் ஓரமாக உட்கார்ந்து, இடுக்கில் விழுந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தன, கல்யாணப் பந்தியில் கடைசி வரிசை மாதிரி. கீழேயிருந்து ராஜ்கோட் பக்கத்து யாத்திரைக் கூட்டம் ஒன்று ஏறி வந்தது, நாற்பது பேர் இருக்கும். புறா தின்கிறது என்று அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை, "யாரோ புண்ணியவதி இறைச்சிட்டுப் போயிருக்கா" என்று கும்பிட்டாள். புண்ணியவதி! எனக்குக் கையில் கல் இருந்தது, எறியவில்லை. கடைசி மணிவரை தின்றுவிட்டுத்தான் பறந்தன. அன்றைக்கு அந்த மலையில் வயிறு நிறைந்தது அவற்றுக்கு மட்டும்தான்.

போதுமா?

தேவ்ஷி பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டான் என்று கேள்வி. சந்தையில் எதிரே வந்தான். என்னைப் பார்த்தான், பார்க்காதது போலப் போனான். அலுவலகத்தில் அவன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இதைப் பற்றி மேலே கேட்காதே.

கர்சன்


சூரத்
5 பிப்ரவரி 1998

அன்புத் தம்பி கர்சனுக்கு அக்காவின் ஆசி. நாங்கள் எல்லாரும் நலம். இந்த "எல்லாரும்" என்பதில் இன்னொருத்தியும் சேர்த்தி. உட்கார்ந்துகொண்டு படி.

நான் புரட்டிப் போடும் கிழவியின் பெயர் சமரத்பென்.

கத்தாதே. உன் கடிதம் வந்த மறுநாளே நதியோரம் போய்த் தேடத் தொடங்கினேன். வீட்டைக் கண்டுபிடித்து நாலு நாள் வாசலில் நின்றேன். காவல்காரன் விடவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்காரி நின்றுவிட்டாள் என்று தெரிந்தது. "வேலைக்கு" என்று சொன்னதும் கதவு திறந்தது. நம் ஆட்களுக்கு அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கதவு திறக்கும்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் என் கையால் சாப்பிட ஆரம்பித்ததும் சொன்னேன்: "உங்களைத் தூக்கினவன் என் தம்பி."

என் கையைப் பார்த்தாள். "அடிக்கப்போறியா?"

"அடிக்கிறதா இருந்தா முதுகுல புண்ணு வராம ஏன் புரட்டிப் போடுறேன்?"

பிறகு அவளே கொட்டிவிட்டாள். இங்கே பிளேக் வந்த வருடம் ரசிக்லாலுக்குக் கடுமையான ஜுரம். மகன் பிழைத்தால் பன்னிரண்டு கிலோ சோளத்தைத் தானே சுமந்துபோய் மலைமேல் அம்பா கோயில் புறாக்களுக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டாள். பிழைத்து எழுந்த மகன், "பைத்தியக்காரத்தனம், மாத்திரைதான் காப்பாத்துச்சு" என்றார். அவருக்குத் தெரியாமல் டிரைவரிடம் பையைக் கொடுத்து, டீக்கடையில் மடிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். எடை கூடும், நாலு ஆள் வேண்டும் என்று தெரியாதா என்று கேட்டேன்.

"என் மடியிலதானே இருந்துச்சு? நான்தானே சுமந்தேன்?"

"உங்களை யாரு சுமந்தா?"

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள் கர்சன். எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக. பிறகு சிரித்தாள், இடுப்பு வலிக்கும்வரை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. "பெத்த பிள்ளைக்குப் பயந்து படுத்திருக்கேன்டி. சோளம்னு சொன்னா அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அதுவும் அத்தனையும் மிதிபட்டுப் போயிருக்குமே. சாமிக்குன்னு வெச்சதை மிதிச்சா அந்தப் பாவம் அவன் தலையிலயா விடியும்?" எலும்பு முறிந்ததைவிட இதுதான் அவளைப் படுக்கையில் போட்டிருக்கிறது. அதனால்தான் உன்னைக் கேட்டேன்.

உன் கடிதத்தை எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். சோளம் வரும் இடத்திலிருந்து தொடங்கினேன். "முதல்லேர்ந்து படி" என்றாள். "முதல்ல திட்டும்மா." "அதையும் படி." படித்தேன். "சுத்தமா எழுதுறான்" என்றாள். புறாக் கழுத்து வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது பேர் ஒதுங்கி நின்ற இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அன்று ராத்திரி மருந்தில்லாமல் தூங்கினாளாம்.

மறுநாள் காலை, "காகிதம் எடு" என்றாள். அவள் சொன்னதை நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். நகல் இதனுடன். டிரைவர்தான் பதிவுத் தபாலில் சேர்த்தான். திரும்பி வந்து, "பையைத் தூக்கினது யாருன்னு எழுதியிருக்கா?" என்று மெல்லக் கேட்டான். "எழுதல" என்றேன். "எழுதத் தேவையில்லாததை விட்டுரணும்" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

ஜெய் கிர்நாரி.
சம்ஜு


(நகல்)

சூரத்
4 பிப்ரவரி 1998

கிர்நார் அடிவாரம் டோலி அலுவலகப் பொறுப்பாளருக்கு, சமரத்பென் எழுதுவது. கடவுள் அருளால் உயிரோடு இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நவம்பர் இருபத்திரண்டு அன்று நான் டோலியிலிருந்து விழுந்தது பற்றி என் மகன் உங்களுக்கு எழுதியிருக்கிறான். அவன் அப்போது என் பக்கத்தில் இல்லை. நான் இருந்தேன்.

என்னைத் தூக்கியவர்கள் குடித்திருக்கவில்லை. டீ குடித்தார்கள், அதுவும் கடைக்குப் பின்னால் ஒளிந்து. தராசில் ஏறியபோது என் எடை அறுபத்து நாலு. டீக்கடையில் பன்னிரண்டு கிலோ சோளத்தை மடியில் வாங்கிச் சால்வையால் மூடிக்கொண்டேன். அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் நாலு ஆள் வருவார்கள், மகனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். பை சரிந்தபோது அதைப் பிடிக்கப் போய் விழுந்தேன். என்னைக் கட்டிக் கீழே கொண்டுவந்ததும் அவர்களே. வழியெல்லாம் "இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்மா" என்று சொன்னான் பின்னால் வந்தவன்.

அவர்கள் வில்லையைத் திருப்பிக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் என்னை வந்து கேளுங்கள். நான் எங்கும் எழுந்து போய்விட மாட்டேன்.

சமரத்பென்


ஜூனாகட்
27 பிப்ரவரி 1998

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நாங்கள் நலம். அம்மா இருமலை மறந்துவிட்டாள். காரணம், வில்லை வந்துவிட்டது. நூற்றுப் பதினெட்டு, என் நம்பரேதான். அம்மா புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எண்ணே அழிந்துவிடும் போலிருக்கிறது.

சிவராத்திரிக்கு மூன்று நாள் முன்பு கூப்பிட்டனுப்பினார்கள். குமாஸ்தா கடிதத்தை உரக்கப் படித்தார். "டீ குடித்தார்கள், அதுவும் கடைக்குப் பின்னால் ஒளிந்து" என்ற இடத்தில் அவருக்கே சிரிப்பு. அவ்வளவுதான். மூன்று மாதப் பட்டினிக்கு ஒரு மன்னிப்பு கிடையாது. "எடுத்துக்கிட்டுப் போங்கடா, திருவிழாக் கூட்டம் வருது" என்றார். தேவ்ஷி வாசலில் உட்கார்ந்துவிட்டான். அவன் பெண் திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்குப் போகிறாள்.

நீ செய்ததற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பீ அள்ளுகிறாயா என்று எழுதிய கையை ஒடிக்கணும்.

ஆனால் அக்கா, ஒன்றை உனக்கு எழுதவில்லை. "டோலி ஆடியது" என்று எழுதினேன். தானாக ஆடவில்லை. உனக்குத் தெரியும், தோள் மாற்றும்போது முன்னால் இருப்பவன் "ஜெய்" என்று குரல் கொடுக்கணும். பின்னால் இருப்பவன் "கிர்நாரி" என்றதும் இரண்டு பேரும் ஒன்றாக மாற்றணும். அந்த வளைவில் நான் குரல் கொடுக்கவில்லை. மறந்து அல்ல. தோள் எரிந்தது. ஏமாற்றிவிட்டாள் என்று வயிறும் எரிந்தது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, என்பாட்டுக்கு மாற்றினேன். தேவ்ஷிக்குத் தண்டு வலத் தோளில், எனக்கு இடத் தோளில். தண்டு கோணியது. அதனால்தான் பை சரிந்தது.

தேவ்ஷிக்குத் தெரியும். மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்த அம்மா எல்லாப் பழியையும் தன்மேல் போட்டு எழுதியிருக்கிறாள். வில்லையைக் கழுத்தில் மாட்டும்போது திருடியது போல இருக்கிறது. என்ன செய்ய, சொல்.

கர்சன்


சூரத்
6 மார்ச் 1998

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். சமரத்பென்னும் சுகம். நேற்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணும்வரை நின்றாள். ரசிக்லால் பத்து நாள் அம்மாவிடம் பேசவில்லை. அம்மாவின் கடிதத்தை டோலி அலுவலகத்திலிருந்து யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள், எழுதியது என் கை என்று என்னையும் முறைத்தார். "அவளை அனுப்பினா நான் சாப்பிட மாட்டேன்" என்றாள் இவள். இப்போது அவரே தினமும் அரை மணி நேரம் வந்து அம்மா காலைப் பிடித்துவிடுகிறார். தப்பாகத்தான் பிடிக்கிறார். விட்டுவிட்டேன்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்டுபிடித்துவிட்டாள். "தம்பி கடுதாசியில என்ன?" என்றாள். சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

"அதுவா? அது எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்றாள்.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டோலியில் ஏறியதிலிருந்து நீங்கள் கொடுத்த குரல்களை ஜபமாலை மாதிரி விரலில் எண்ணிக்கொண்டே வந்தாளாம். "நாப்பத்தொண்ணு வந்துச்சு. நாப்பத்திரெண்டாவது வரல. கோபம்னு தெரிஞ்சுது. அவன் பிடரி சொல்லிச்சு. நானும்தான் சொல்லாம ஏத்தினேன், அவனும் சொல்லாம மாத்தினான்."

"அப்புறம் ஏன் எழுதச் சொல்லல?"

"எனக்கு எலும்பு கூடிரும். அதை எழுதினா அவனுக்கு வில்லை திரும்பி வருமா?"

ஆகவே திருடவில்லை, மாட்டிக்கொள். தேவ்ஷியிடம் போய் உன் வாயால் பேசு. அதற்கு நான் கடிதம் எழுதித் தரமுடியாது.

ஹோலி கழிந்ததும் வருகிறேன். அவள் பன்னிரண்டு கிலோ சோளம் கொடுத்தனுப்புகிறாள். முதல் சோளம் புறாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இது எதற்கு என்றேன். "அது பயந்து கொண்டுபோனது. இது பயமில்லாம" என்றாள். நான் சுமப்பதாக ஒப்புக்கொண்டேன். அவளுக்காக அல்ல. ஒரு நாளாவது அந்த மலையில் நம் வீட்டார் யாத்திரைக்காரராக ஏறிப் பார்க்கலாம் என்று.

ஜெய் கிர்நாரி.
சம்ஜு


ஜூனாகட்
30 மார்ச் 1998

மரியாதைக்குரிய சமரத்பென் அம்மாவுக்கு, டோலிக்காரன் கர்சன் வணக்கத்துடன் எழுதுவது. இப்போது எத்தனை எண்ணும்வரை நிற்கிறீர்கள்? கடிதம் போடும் பழக்கம் எனக்கு அக்காவிடம் மட்டும்தான். மரியாதை குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஏறினோம். அக்கா, நான், தேவ்ஷி. தோளில் தண்டு இல்லாமல் நானும் தேவ்ஷியும் சேர்ந்து அந்தப் படியில் கால் வைப்பது இதுவே முதல் தடவை. கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தேவ்ஷி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான், ரிடயர் ஆன தாசில்தார் மாதிரி.

கிளம்பும் முன் அக்காவைத் தராசில் உட்காரவைத்தேன். அவள் நாற்பத்தொன்பது, பை பன்னிரண்டு. எல்லாரும் பார்க்க நிறுத்தோம். "யாருக்கும் தெரியாம மடியில எதையும் வாங்க மாட்டியே?" என்று தேவ்ஷி கேட்டதும் அங்கிருந்த டோலிக்காரர் அத்தனை பேரும் சிரித்தார்கள். உங்கள் கதை மலை முழுக்கப் பரவியிருக்கிறது. கோபிக்காதீர்கள். நல்லவிதமாகத்தான்.

பை அக்கா தலைமேல். அறுநூறாவது படியில் மூச்சு வாங்கினாள். கை நீட்டினேன், கையிலேயே அடித்தாள். டீக்கடையில் நாங்கள் கடைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தோம். கடைக்காரன் இரண்டு தடவை எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எந்த சேட்டுடா நீங்க?" என்றான். மேலே போகப் போக எனக்கும் முழங்கால் நடுங்கியது. சுமை இல்லாமலும் அது மலைதான் என்று இப்போதுதான் தெரிகிறது. முனகிய சேட்டுகள் எல்லாரும் நடிக்கவில்லை. பாதிப் பேர் நடித்தார்கள்.

இரண்டாயிரத்து முந்நூறாவது படியில் நின்றேன். தேவ்ஷியிடம் அங்கேதான் சொன்னேன், என் தப்பு என்று. "தெரியும். நீ சொல்றதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன், எருமை" என்றான். பிறகு வளைவில் திரும்பினோம். தோளில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வாய் தானாகத் திறந்து "ஜெய்" என்று குரல் கொடுத்துவிட்டேன். பின்னாலிருந்து "கிர்நாரி" என்று அவன் குரல் வந்தது. எங்கள் நாலு தோளும் ஒன்றாக அசைந்தன. அக்கா திரும்பிப் பார்த்துப் பைத்தியங்களா என்றாள்.

பத்தரை மணிக்கு அம்பா கோயில். முற்றத்தில் அக்கா பையைப் பிரித்தாள். உங்கள் பெயரைச் சொல்லி முதல் பிடி இறைத்தாள். இரண்டாவது பிடி என் அப்பா பெயருக்கு. அவர் இந்தப் படியில் பதினேழு வருடம் பிறரைத் தூக்கினார், ஒரு தடவைகூடக் கோயிலுக்குள் போனதில்லை. டோலியை விட்டுவிட்டுப் போக முடியாது. மூன்றாவது பிடியை என் கையில் கொடுத்தாள். புறாக்கள் தயங்கவில்லை. யார் கை என்று அவை பார்ப்பதில்லை. கடைசி மணிவரை நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினோம். உங்களுக்கு எழுதவேண்டுமே.

உங்களிடம் நான் நேராகச் சொல்லவில்லை. அன்று குரல் கொடுக்காமல் தோள் மாற்றினேன். தப்பு. உங்கள் மடியில் இருந்ததும் தப்பு. இரண்டும் தராசில் நிறுத்தாகிவிட்டது.

நீங்கள் சீக்கிரம் நடந்துவிடுவீர்கள் என்று அக்கா சொல்கிறாள். அடுத்த குளிர்காலத்தில் வருவதானால் என்னையும் தேவ்ஷியையும் கேளுங்கள். நாலு ஆளாகத்தான் தூக்குவோம், எடை என்னவானாலும். மடியில் எது இருந்தாலும் அதுவும் தராசில் ஏறும். உங்கள் மகனையும் ஏற்றி நிறுப்போம், அவர் நடந்தே வந்தாலும்.

இந்தக் கடிதத்தை அக்கா படித்துக் காட்டுவாள். கடைசி வரியை முழுதாக எழுதவில்லை. நான்கு மாதமாக என்னால் எழுத முடியாமல் இருந்த வரி அது. பாதி நான் சொல்கிறேன். மீதியை நீங்கள் அங்கிருந்து உரக்கச் சொல்லுங்கள். நாற்பத்திரண்டாவது.

ஜெய்